பிக் பாய் பித்தளை மாடலை வளைவில் ஓட்டிய அனுபவம்

அமெரிக்காவின் யூனியன் பசிஃபிக் ரயில்வேக்காக அல்கோ என்ற என்ஜின் கட்டும் நிறுவனம் 1941-லும் 1944-லுமாகக் கட்டிக் கொடுத்த பிக் பாய் நீராவி என்ஜின்கள் மொத்தம் 25. ஒரே பாய்லருக்கு அடியில் இரண்டு சக்கரத் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் எட்டு ஓட்டுச் சக்கரங்கள். பின்தொகுதி பாய்லரோடு அசையாமல் பிணைந்திருக்கும். முன்தொகுதி மட்டும் கீல் வைத்து இடமும் வலமும் திரும்பும். 1:32 அளவில், 45 மி.மீ. இடைவெளித் தண்டவாளத்துக்கான பித்தளை மாடல், டெண்டரோடு (பின்னால் வரும் நிலக்கரி, தண்ணீர் வண்டி) சேர்த்து சுமார் 1.26 மீட்டர். கண்ணாடிப் பெட்டியில் நிறுத்த அப்படியே போதும். வளைவில் ஓட்ட எங்களுக்குப் பாதி மாடலைக் கழற்ற வேண்டியிருந்தது.

முதலில் மோட்டாரிலிருந்து கியரை விடுவித்து, சக்கரங்களைக் கையால் உருட்டிப் பார்த்தோம். முன்தொகுதி ஓரிடத்தில் இறுகியது. இப்படி இறுகினால் உடனே ராடின் (சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் தண்டு) துளையைப் பெரிதாக்கக் கை வரும். அதைச் செய்யாதீர்கள், இறுக்கம் போய் ஆட்டம் வந்துவிடும். எல்லா ராடுகளையும் கழற்றி, ஒவ்வொரு ஜோடியாகத் திரும்ப மாட்டிப் பாருங்கள். கிராங்க் பின் (ராடு மாட்டும் சக்கர முளை) முன்னாலோ பின்னாலோ நேர்கோட்டில் வரும்போது இறுகினால், ராடின் நீளமும் அச்சுகளின் இடைவெளியும் பொருந்தவில்லை. 45 டிகிரி சாய்வில் இறுகினால், இடது வலது சக்கரங்களின் கிராங்க் பின்களுக்கு நடுவே இருக்க வேண்டிய 90 டிகிரி கோணம் பிசகியிருக்கிறது. எங்களுடையது இரண்டாவது வகை. மூன்றாவது அச்சில் ஒரு சக்கரம் நூலளவு திரும்பியிருந்தது. அதைச் சரிசெய்ததும் ராடில் அரமே படாமல் ஓடிற்று.

அடுத்தது வளைவு. பாய்லர் பின்தொகுதியின் நேர்கோட்டிலேயே நீண்டிருப்பதால், வளைவில் அதன் மூக்கு தண்டவாளத்துக்கு வெளியே போய்விடும். பின்தொகுதியின் நடுவிலிருந்து ஸ்மோக் பாக்ஸ் (பாய்லரின் முன்முனைப் புகைப்பெட்டி) முகப்பு வரை 450 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 3 மீட்டர் ஆர வளைவில் மூக்கு 30 மி.மீ.க்கு மேல் விலகும். அதாவது இரு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் பாதிக்கு மேல். பக்கத்தில் இன்னொரு லைன் இருந்தால் இதை முன்கூட்டியே அளந்துவிடுங்கள்.

வளைவில் ஓட்டியபோது முன்தொகுதி தடம் புரண்டது. அதற்குக் காரணம் வளைவு அல்ல, நீராவிக் குழாய்கள். அசலில் அவற்றுக்கு நகரும் மூட்டுகள் உண்டு. மாடலில் விறைத்த பித்தளைக் கம்பியை இரு முனையிலும் ஈயம் வைத்துப் பற்றியிருந்தார்கள். தொகுதி திரும்பும்போது அந்தக் கம்பி ஸ்பிரிங் போலத் திருப்பித் தள்ள, வெளிப்பக்க முன்சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிற்று. ஒரு முனையை விடுவித்து, உள்ளே சறுக்கிப் போகும்படி சற்றுப் பெரிய குழாயை உறையாகப் போட்டோம். பாய்லர் உட்காரும் சறுக்குத் தகட்டையும் பாருங்கள். அங்கே ஈயத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தாலும் தொகுதி ஒருபக்கமாகவே நிற்கும். சமமாகத் தேய்த்து, துளி கிரீஸ் வைத்தால் போதும். பாய்லரின் பாரம் கொஞ்சமாவது முன்தொகுதி மேல் இறங்க வேண்டும். அதற்கு அந்தத் தகட்டின் மேல் மெல்லிய ஸ்பிரிங் வைத்தோம். கடினமான ஸ்பிரிங் வைத்தால் பின்சக்கரங்கள் பிடிமானம் இழக்கும்.

மின்சாரத்தில் வந்த தொல்லை ஒன்றுதான்: வளைவில் மட்டும் ஷார்ட். பிரேக் கட்டை சக்கர விளிம்பைத் தொட்டது. இருட்டில் மெதுவாக ஓட்டினால் பொறி பறக்கும் இடம் தெரிந்துவிடும். கட்டையை வளைக்காமல், அதன் முகத்தை அரத்தால் தேய்த்து எபாக்ஸி பூசினோம்.

பெயின்டுக்கு முன் ஃபிளக்ஸ் (ஈயம் பற்றவைக்கப் பூசும் பசை) மிச்சத்தைப் போக்க வேண்டும். வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ரிவெட் வரிசைகளின் இடுக்கில் ஃபிளக்ஸ் நின்றுவிட்டால் பிறகு பெயின்டுக்கு அடியில் பச்சை பூக்கும். பித்தளையைப் பற்றிக்கொள்ளும் எட்ச் பிரைமர் என்ற அடிப்பூச்சை மெல்லிசாக அடியுங்கள். தடித்தால் ரிவெட் மறையும்.

ராடுகளைத் திரும்ப மாட்டும்போது ஒரு விஷயம். அசலில் இரண்டு தொகுதிகளுக்கும் இயந்திரத் தொடர்பு கிடையாது, ஓட ஓட ஒன்றோடொன்று தாளம் மாறும். மாடலில் ஒரே மோட்டார், நடுவே கார்டன் ஷாஃப்ட் (வளைந்து கொடுக்கும் மூட்டுள்ள சுழல்தண்டு). எப்படி மாட்டுகிறோமோ அப்படியேதான் சுற்றும். அதனால் முன்தொகுதியை 30 டிகிரி தள்ளி மாட்டினோம். இரண்டு தொகுதிகளின் ராடுகளும் ராணுவ அணிவகுப்பு போல ஏறி இறங்குவது அதோடு நின்றது.