பழைய தில்லியில் தப்பித்த வீடுகள்

பழைய தில்லிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் செங்கோட்டை, ஜும்மா மசூதி, பராட்டா கலி என்று சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஹவேலிகளை, அதாவது முற்றம் வைத்த பழைய பெரிய மாளிகை வீடுகளை, பார்க்க ஆள் குறைவு. கரோல் பாக்கில் வெகுகாலமாகக் குடியிருக்கும் என் சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போனார். "ஒவ்வொரு வீட்டு முன்னாலயும் ஒண்ணே ஒண்ணு யோசிச்சுப் பாருடா. அம்பத்தேழுக்கு அப்புறம் இது எப்படித் தப்பிச்சுது?" என்றார்.

சிப்பாய்க் கலகத்தில் கைவிட்டுப்போன நகரத்தை 1857 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பப் பிடித்ததும், குடியிருந்த ஜனங்களை வெளியே துரத்தினார்கள். கோட்டைக்கும் ஜும்மா மசூதிக்கும் நடுவே இருந்த வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். இன்று அங்கே தெரியும் வெட்டவெளி அப்படி உண்டானதுதான்.

சாந்தினி சவுக்கில் முதலில் சுன்னாமல் ஹவேலி. கீழே வரிசையாகக் கடைகள், மேலே தெருவையே அடைத்துக்கொண்டு நீளும் மாடம். 128 அறைகளாம். லாலா சுன்னாமல் பெரிய ஜவுளி வியாபாரி, ஆங்கிலேயர் பக்கம் நின்றவர். வீடு நின்றது, சொத்தும் பெருகியது. தெருக்கோடியில் இருக்கும் பதேபூரி மசூதியை 1650இல் ஷாஜஹானின் மனைவி கட்டினார். அதை ஆங்கிலேயர் ஏலம் போட்டபோது 19,000 ரூபாய்க்கு எடுத்தவரும் இதே சுன்னாமல்தான். 1877இல்தான் அது மறுபடி முஸ்லிம்களின் கைக்கு வந்தது. தொழுகை நடக்கும் இடத்துக்கு ஏலத்தில் விலை வைத்தார்கள் என்பதை என்னால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.

அங்கிருந்து பல்லிமாரான். மூக்குக்கண்ணாடிக் கடைகளும் செருப்புக் கடைகளும் நெருக்கியடிக்கும் சந்து. காரை பெயர்ந்த ஒரு சுவரில் சித்தப்பா கைவைத்துக் காட்டினார். லகோரிச் செங்கல். இப்போதைய செங்கல்லில் பாதி உயரம்கூட இல்லை, அவ்வளவு மெலிசு. சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கடுக்காகப் படுத்திருந்தன. விரலால் தடவினால் சாந்து மாவாக உதிர்கிறது, கல் அசையவில்லை.

இந்தச் சந்து தப்பியதற்குக் காரணம் வைத்தியர்கள். இங்கே குடியிருந்த யுனானி ஹக்கீம் குடும்பம் பட்டியாலா மகாராஜாவுக்கு வைத்தியம் பார்த்தது. மகாராஜா ஆங்கிலேயருக்கு வேண்டியவர். நகரம் சூறையாடப்பட்டபோது அவருடைய சிப்பாய்கள் இங்கே காவல் நின்றார்கள். அதே குடும்பத்தில் பின்னால் பிறந்தவர்தான் ஹக்கீம் அஜ்மல் கான். கரோல் பாக்கில் நம்மவர்கள் துணி எடுக்கப் போகும் அஜ்மல் கான் ரோடு அவர் பெயரில் உள்ளது.

அந்தக் காவலால் பிழைத்தவர்களில் கவிஞர் மிர்சா காலிப்பும் ஒருவர். காசிம் ஜான் சந்தில் அவர் கடைசிக் காலத்தில் இருந்து, 1869 பிப்ரவரியில் கண்மூடிய வீடு இருக்கிறது. அதுவும் வாடகை வீடுதான், சொந்த வீடு என்று அவருக்கு இருந்ததே இல்லை. இன்று மிஞ்சியிருப்பது சிறு பகுதி. வளைவு வாசல், கொஞ்சம் முற்றம், மார்பளவுச் சிலை, சுவரில் கவிதைகள். உருதுவின் மகாகவிக்கு இந்த இடம் போதாது என்றே எனக்குப் பட்டது. ஆனாலும் உள்ளே நின்ற நேரம் மனசு நிறைந்திருந்தது.

சந்தின் மறுமுனையைத் தாண்டினால் லால் குவான். அங்கே கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபரின் பட்டத்தரசி ஜீனத் மஹலின் ஹவேலியில் உயரமான வாசல்தான் முக்கியமாக மிஞ்சியிருக்கிறது. கணவரோடு ரங்கூனுக்கு நாடுகடத்தப்பட்டவர் அங்கேயே 1886இல் இறந்தார். இந்த வீட்டை ஆங்கிலேயர் விசுவாசத்துக்குப் பரிசாக யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? அதே பட்டியாலா மகாராஜாவுக்கு. "அங்க காவல் நின்னதும் அவர் ஆளுங்க, இங்க வீட்டை வாங்கிக்கிட்டதும் அவரு" என்றார் சித்தப்பா.

போவதானால் ஞாயிறு காலை போங்கள். பாதிக் கடைகள் மூடியிருக்கும், அண்ணாந்து பார்த்தபடி நடக்கலாம். திங்கட்கிழமை காலிப் வீடு திறக்க மாட்டார்கள்.