உத்தரவு சொல்லுதல்

வேதாகமத்தில், இயேசுவின் சீடரான பேதுரு எழுதிய முதலாம் நிருபத்தில் (கடிதத்தில்) வரும் 3:15 எனக்குச் சிறு வயதிலேயே மனப்பாடமான வசனம். "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்று பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. இங்கே 'உத்தரவு' என்பதற்குப் பதில் என்று பொருள். நானோ, வாய்விட்டு ஒப்புக்கொள்ளாவிட்டாலும், கட்டளை என்னும் இன்றைய பொருளில்தான் பல ஆண்டுகள் அதைக் கடைப்பிடித்து வந்திருக்கிறேன். யாரும் கேட்காதபோது பேசினேன். கேட்டவர்களிடமோ, அவர்கள் கேட்டதை விட்டுவிட்டு நான் ஆயத்தம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன்.

என்னுடன் பணிபுரிபவர் ஒருவரின் தந்தை நெடுநாள் நோயில் கிடந்து இறந்துபோனார். துக்கம் கழிந்து அவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்னும், பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 8:28-ஐ நான் அவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் தலையசைத்தார். மறுநாளிலிருந்து மதிய உணவுக்கு வேறு மேசைக்குப் போய்விட்டார். வசனத்தில் பிழை ஏதுமில்லை. ஆனால் அதே நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில், "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்றும் பவுல் எழுதியிருப்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

அதன்பிறகு, முதல் கிறிஸ்தவர்களின் வரலாற்றைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகளின் 8-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தேன். எருசலேமிலிருந்து ரதத்தில் திரும்பிக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரியிடம் ஓடிச் சேர்ந்த பிலிப்பு என்னும் சுவிசேஷகர், முதலில் கேட்டது ஒரு கேள்வி: "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா?" மந்திரி அழைத்த பிறகே அவர் ரதத்தில் ஏறி உட்காருகிறார். தாம் வாசித்துக்கொண்டிருந்த ஏசாயாவின் தீர்க்கதரிசனம் யாரைக் குறித்தது என்று மந்திரியே கேட்டதற்குப் பிறகுதான், 35-ஆம் வசனத்தில், அந்த வேதவாக்கியத்தையே முன்னிட்டு இயேசுவைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். நாம் 'சுவிசேஷம் அறிவித்தல்' என்று சொன்னவுடன் நினைப்பது இந்த 35-ஆம் வசனத்தை மட்டுமே. அதற்கு முந்தைய ஓட்டமும் கேள்வியும் காத்திருப்பும் நம் கணக்கில் வருவதில்லை. தெருவில் நின்று கைப்பிரதி கொடுப்பவர்களைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அந்தத் துணிவு எனக்கு இருந்ததில்லை.

பேதுரு யாருக்கு எழுதினார் என்பதையும் பார்க்க வேண்டும். பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா ஆகிய தேசங்களில் சிதறியிருந்தவர்களுக்கு எழுதப்பட்ட அந்த நிருபத்தில், முரட்டுக் குணமுள்ள எஜமான்களின் கீழிருந்த வேலைக்காரர்களுக்கும், வசனத்திற்குக் கீழ்ப்படியாத கணவர்களோடு வாழ்ந்த மனைவிகளுக்கும் தனித்தனியே அறிவுரை இருக்கிறது. அந்தக் கணவர்கள் "போதனையின்றி", மனைவிகளின் நடக்கையினாலேயே ஆதாயப்படுத்தப்படலாம் என்கிறார் பேதுரு. பேசுவதற்கு இடமே இல்லாத வீடுகளிலும் சாட்சி உண்டு என்று அவர் நம்பியிருக்கிறார்.

பல மாதங்கள் கழித்து, அந்த நண்பர் ஒரு நாள் தாமாகவே என் எதிரில் வந்து அமர்ந்தார். "நீங்கள் ஜெபித்தும் பதில் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் வழக்கமாக இருக்கும் மூன்று விளக்கங்களையும் விழுங்கிவிட்டு, எனக்கும் அப்படி நடந்திருக்கிறது என்றும், சில நாட்கள் ஜெபிக்காமலே இருந்தேன் என்றும், பிறகு ஏன் திரும்பினேன் என்றும் சொன்னேன். முன்பு அவரிடம் அவசரப்பட்டுப் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். சுவிசேஷங்களில் எதை முதலில் வாசிக்கலாம் என்று அவர் கேட்டபோது, 16 அதிகாரங்களே உள்ள மாற்குவைச் சொன்னேன்.

இப்போது அவர் 4-ஆம் அதிகாரம் வரை வந்திருக்கிறார். புயலில் படவு நீரால் நிரம்பும்போது இயேசுவால் எப்படித் தலையணை வைத்துத் தூங்க முடிந்தது என்று நேற்று கேட்டார். எனக்கும் அது தெரியவில்லை என்றேன். நாளை மதியம் இருவரும் சேர்ந்து அந்தப் பகுதியை மறுபடி வாசிப்பதாக இருக்கிறோம்.