கிழங்குக்குக் கிழங்கு

கனடாவின் எட்மன்டனில் இருக்கும் பெரியம்மா மகள், நேற்று வீடியோ காலில் ஒரு கூடை ஐரிஸ் பூச்செடிக் கிழங்கைக் காட்டினார். பூத்து முடிந்த புதரைத் தோண்டி, கிழங்கைப் பிரித்து, இலையை விசிறி போலக் கத்தரித்து நிழலில் உலர்த்தியிருந்தார். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பிரிக்காவிட்டால் நெருக்கத்தில் பூ குறைந்துவிடும். அவருக்குப் போக மிச்சமெல்லாம் தெருக்காரர்களுக்கு. ஊதாப் பூ பூக்கும் கிழங்கைக் கொடுத்து மஞ்சள் பூ பூக்கும் கிழங்கை வாங்கியிருக்கிறார். நடும்போது கிழங்கின் முதுகு வெளியே தெரிய வேண்டுமாம், ஆழப் புதைத்தால் அழுகிவிடும். அப்படி மேலாக நட்டதுதான் மைனஸ் 30 டிகிரியிலும் பனிக்கடியில் உயிரோடு கிடக்கிறது!

"எனக்கொண்ணு அனுப்புக்கா" என்று வாய் வரை வந்தது. ஆனால் அதற்குக் குளிர்காலம் வேண்டும், எங்கள் தாராபுரம் வெயிலில் பூக்காது. உரிய சான்றிதழ் இல்லாமல் கிழங்கை நாடு தாண்டி அனுப்பவும் கூடாது.

சரி, இங்கே என்ன குறை? இன்று காலை சம்பங்கிக் கிழங்கு ஒரு படி கொண்டுபோய், பக்கத்துத் தோட்டத்து ஆத்தாவிடம் கண்வலிக்கிழங்கு வாங்கி வந்தேன். செங்காந்தள்தான். கலப்பை மாதிரி இரண்டு கிளை, நுனியில் முளை. "அம்மிணி, மொளை ஒடிஞ்சா அப்புறம் வராது கண்ணு" என்று வைக்கோல் சுற்றிக் கொடுத்தார். கொடிய விஷம் என்பதால் குழந்தைகள் கைபடாமல் வேலியோரம் நட்டிருக்கிறேன். ஆடி மழைக்காகக் காத்திருக்கிறேன். பூத்ததும் முதல் படம் அக்காவுக்கு.