ஷெங்கன் விசா: கோப்பு ஒரே பேச்சாக இருக்கட்டும்

ஐரோப்பா போகக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "பேங்கில் எவ்வளவு காட்ட வேண்டும்?" என்பதுதான். பலருடைய விசா விண்ணப்பக் கோப்புகளைப் பார்த்துச் சரிசெய்து அனுப்பியதில் எங்களுக்குப் பட்டது வேறு. பணம் போதாமல் திரும்பி வருபவற்றைவிட, தாளுக்குத் தாள் பேச்சு மாறுவதால் திரும்பி வருபவையே நாங்கள் பார்த்தவரை அதிகம். விடுப்புக் கடிதத்தில் ஒரு தேதி, டிக்கெட்டில் ஒரு தேதி, இன்ஷூரன்ஸில் இன்னொரு தேதி என்று இருக்கும். முடிவெடுக்கும் அதிகாரி பெரும்பாலும் உங்களை நேரில் பார்ப்பதில்லை. உங்களுக்காகப் பேசுவது அந்தக் கோப்பு மட்டும்தான்.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள் இருக்கின்றன. பிரிட்டனும் அயர்லாந்தும் அதில் இல்லை. அதிக இரவுகள் தங்கும் நாடு எதுவோ, அதன் தூதரகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸில் 3 இரவு, லூசெர்னில் 4 இரவு, ரோமில் 3 இரவு என்றால் சுவிட்சர்லாந்து. எல்லாம் சமமாக இருந்தால், முதலில் எந்த நாட்டில் நுழைகிறீர்களோ அது. அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறது என்பதற்காக வேறொரு நாட்டில் பொய்யாக இரவுகளைக் கூட்டிக் காட்டச் சொல்லும் ஏஜென்டுகள் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள். "தந்த தகவல் நம்பத்தகுந்ததாக இல்லை" என்று மறுத்தால், அந்த மறுப்பு ஷெங்கன் நாடுகள் பொதுவாக வைத்திருக்கும் விசா தகவல் தொகுப்பில் பதிவாகிவிடும். அடுத்து நீங்கள் எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் அதிகாரி அதைப் பார்ப்பார்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு சொல்ல 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. மே மாதப் பயணத்துக்கு ஏப்ரலில் அப்பாயின்ட்மென்ட் தேடினால் கிடைப்பது கடினம். ஜனவரியிலேயே தேடத் தொடங்குங்கள்.

தமிழ்நாட்டுக் கோப்புகளில் அதிகம் இடறுவது பெயர். நமக்கு இனிஷியல்; பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதியிருப்பார்கள். பேங்க் கணக்கு 'எஸ். முருகன்' என்றும், பாஸ்போர்ட்டில் சர்நேம் 'சண்முகம்', கிவன் நேம் 'முருகன்' என்றும், பான் கார்டில் 'முருகன் சண்முகம்' என்றும் இருந்தால், நம் ஊரில் யாரும் அதைக் கேள்வி கேட்க மாட்டார்கள். இந்த வழக்கம் தெரியாத அதிகாரிக்கோ மூன்றும் மூன்று ஆட்கள். விண்ணப்பப் படிவம், விமான முன்பதிவு, ஹோட்டல், இன்ஷூரன்ஸ் நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகள் அப்படியே வர வேண்டும். பேங்க் பெயரை உடனே மாற்ற முடியாது. அதனால் கணக்கு எண்ணையும் பாஸ்போர்ட் எண்ணையும் சேர்த்துக் குறிப்பிட்டு, இவர் எங்கள் வாடிக்கையாளர் என்று கிளை மேலாளரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். கோப்போடு வைக்கும் கவரிங் லெட்டரிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருப்பவர்கள், பெயரை எப்படிப் பதிவது என்று விமான நிறுவனத்திடம் கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. மனைவியின் பழைய ஆவணங்களில் அப்பாவின் இனிஷியல், புதியவற்றில் கணவரின் இனிஷியல் என்றால் திருமணப் பதிவுச் சான்றிதழ் கட்டாயம் உள்ளே இருக்கட்டும்.

இனி பணம். பிரான்ஸ் இதை எண்ணாகவே சொல்லிவிடுகிறது: ஹோட்டல் முன்பதிவு இருந்தால் நாளுக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120 யூரோ. பத்து நாளுக்கு 650 யூரோ என்பது தலைக்கு வேண்டிய குறைந்தபட்சக் கணக்கு. அதோடு, பயணம் முடிந்த பிறகும் வீட்டுச் செலவுக்குக் கணக்கில் ஏதாவது மிஞ்சுமா என்பதையும் பார்ப்பார்கள். குறைந்தது 3 மாத ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். 6 மாதத்துக்கு, பேங்க் முத்திரையோடு எடுத்து வைப்பது நல்லது. மாதாமாதம் சம்பளம் விழுந்து, செலவாகி, கொஞ்சம் நிற்கும் கணக்கே நல்ல கணக்கு. விண்ணப்பிக்கும் வாரத்தில் ஐந்து லட்சம் திடீரென்று வந்து உட்கார்ந்தால், யாரோ கைமாற்றாகப் போட்டது என்றுதான் தோன்றும். சீட்டு எடுத்த பணம், முதிர்ந்த டெபாசிட், நிலம் விற்ற பணம் என்றால் அதற்கான ரசீதை ஸ்டேட்மென்டில் அந்த வரிக்கு எதிரே குறித்து இணையுங்கள். நகைக் கடன் வாங்கிக் கணக்கில் போடுவதை நாங்கள் ஒருபோதும் சொல்லமாட்டோம். கடன் விழுந்தது ஸ்டேட்மென்டிலேயே தெரியும். சொந்தப் பணமில்லை என்பதை நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

வேலையில் இருப்பவர்கள் 3 மாதச் சம்பளச் சீட்டும், 3 ஆண்டு வருமான வரி ஒப்புகையும், விடுப்பு நாட்களைத் தேதியோடு சொல்லும் அலுவலகக் கடிதமும் வையுங்கள். "விடுப்பு அனுமதிக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால் போதாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எப்போது வேலைக்குத் திரும்புவார் என்று இருக்க வேண்டும். கடை வைத்திருப்பவர்கள் ஜிஎஸ்டி பதிவும், நடப்புக் கணக்கு, சேமிப்புக் கணக்கு இரண்டின் ஸ்டேட்மென்டும் கொடுங்கள். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் விவசாயிகளிடம் வரித்தாள் இருக்காது. பட்டா, சிட்டா, சர்க்கரை ஆலையோ ஒழுங்குமுறை விற்பனைக் கூடமோ தந்த பணப் பட்டியல், அந்தப் பணம் விழுந்த கணக்கு, இவை மூன்றும் சேர்ந்தால் வருமானம் தெளிவாகத் தெரியும். தமிழில் உள்ள தாள் எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்பை உடன் வையுங்கள்.

விமான டிக்கெட்டை விசாவுக்கு முன் முழுப் பணம் கட்டி வாங்க வேண்டியதில்லை, முன்பதிவு போதும். ஹோட்டல்களைக் கட்டணமில்லாமல் ரத்து செய்யும் வகையில் போடுங்கள், ஆனால் முடிவு வரும்வரை ரத்து செய்யாதீர்கள். அவர்கள் சரிபார்ப்பதுண்டு. நான்கு பேர் போகும்போது முன்பதிவில் ஒருவர் பெயர் மட்டும் இருப்பது அடிக்கடி நடக்கும் தவறு. நான்கு பெயரும் அச்சாகி வர வேண்டும். இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும், நுழையும் நாள் முதல் வெளியேறும் நாள் வரை விடுபடாமல் இருக்க வேண்டும். இரவு விமானம் நள்ளிரவைத் தாண்டினால் கடைசி நாள் விடுபட்டுப்போகும், கவனியுங்கள்.

பிரான்ஸில் இருக்கும் மகனோ மகளோ அழைத்து, அவர்கள் வீட்டிலேயே தங்குவதானால், அங்குள்ள நகராட்சியில் அவர்கள் வரவேற்புச் சான்று (attestation d'accueil) வாங்க வேண்டும். அதற்கு 30 யூரோ முத்திரைக் கட்டணம். அசல் தாள் கூரியரில் வந்துசேர வேண்டும் என்பதால் அந்த வேலையை முதலில் தொடங்குங்கள். அந்தச் சான்று இருந்தால் நாள் கணக்கு 32.50 யூரோவாகக் குறையும்.

தூதரகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் நடப்பது தாள்களை வாங்குவதும் கைரேகை, புகைப்படம் எடுப்பதும் மட்டுமே, முடிவு தூதரகத்துடையது. விசாக் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் பணம் திரும்ப வராது. பிரீமியம் லவுஞ்ச், எஸ்எம்எஸ் போன்றவை உங்கள் விருப்பம். அவற்றால் முடிவு மாறாது. கைரேகை 59 மாதம் வரை மீண்டும் பயன்படும். 12 வயதுக்குக் கீழே கைரேகை வேண்டாம். கல்யாண வீட்டுக்குப் போய் விரல் நுனியில் மருதாணி வைத்துக்கொண்டு அப்படியே வராதீர்கள், ரேகை சரியாகப் பதியாமல் போகலாம். புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர், வெளிர் பின்னணி, 6 மாதத்துக்குள் எடுத்தது. ஸ்டூடியோக்காரரிடம் முகத்தை வெளுப்பாக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாஸ்போர்ட் 10 ஆண்டுக்குள் வாங்கியதாக, ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாவதாக, 2 பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் ஸ்டிக்கரைப் பொறுமையாகப் படியுங்கள். 'முதல்', 'வரை' என்று உள்ள தேதிகள் விசாவின் ஆயுள் மட்டுமே. எத்தனை நாள் தங்கலாம் என்பது தனிக் கட்டத்தில் இருக்கும். தேதிகளுக்கு நடுவே ஒரு மாதம் இருந்தும் அந்தக் கட்டத்தில் 12 என்றிருந்தால் 12 நாள்தான். வந்திறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் அடக்கம். நுழைவு எண்ணிக்கை '01' என்றால் ஒருமுறைதான் நுழையலாம். பாரிஸிலிருந்து லண்டன் போய்த் திரும்ப பாரிஸ் வருவதாகத் திட்டம் இருந்தால் அது உதவாது. அந்தத் திட்டத்தைக் கவரிங் லெட்டரிலேயே சொல்லி, பிரிட்டன் விசா நகலையும் இணைத்துப் பலமுறை நுழையும் விசா கேட்க வேண்டும். விமானத்தில் ஏறும்போது ஹோட்டல், இன்ஷூரன்ஸ், திரும்பும் டிக்கெட் நகல்களைக் கைப்பையில் வையுங்கள். எல்லை அதிகாரி கேட்க உரிமை உண்டு.

மறுத்தால் காரணத்தைக் குறித்த படிவம் ஒன்று தருவார்கள். எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் தேடுங்கள். பயண நோக்கம் தெளிவில்லை என்ற மறுப்புக்குக் கூடுதலாக டெபாசிட் ரசீது வைத்துப் பயனில்லை. மேல்முறையீட்டு வழியும் கெடுவும் அதிலேயே இருக்கும். நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனி தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் முறையை 2025 ஜூலை 1 முதல் நிறுத்திவிட்டது. அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் போக வேண்டும். மறுப்பு வந்ததால் மறுபடி விண்ணப்பிக்கத் தடை ஏதுமில்லை. ஆனால் அதே தாள்களை அப்படியே திரும்பக் கொடுக்காதீர்கள்.

விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்காக 2024 ஏப்ரல் 18 அன்று வந்த விதிப்படி, கடந்த 3 ஆண்டுக்குள் இரண்டு விசா வாங்கிச் சட்டப்படி பயன்படுத்தியிருந்தால் 2 ஆண்டுக்கான பலமுறை நுழைவு விசா கிடைக்கலாம். அதற்கடுத்து, பாஸ்போர்ட்டில் போதிய காலம் மீதமிருந்தால், வழக்கமாக 5 ஆண்டு விசா. பழைய ஸ்டிக்கர்களின் நகலையும், போனது வந்தது தெரியும் முத்திரைப் பக்கங்களையும் அந்தக் கோப்பின் முதல் தாள்களாக வையுங்கள். 2025 அக்டோபர் 12 முதல் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக மின்னணுப் பதிவு படிப்படியாக நடைமுறைக்கு வந்ததால், முத்திரை இல்லாத பயணங்களுக்கு போர்டிங் பாஸைப் பத்திரமாக வைத்திருங்கள்.