பழைய காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி: மூன்று வார அலைச்சலும் என் முடிவும்

கடன் விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில், பதிவுக் கட்டணத்துக்கும் காப்பீட்டுக்கும் நடுவே, ‘பாதுகாப்புத் தொகுப்பு’ என்று ஒரு வரி இருந்தது. எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கு, அதாவது பணம் கட்டினால் குறிப்பிட்ட காலம்வரை காரின் பழுதுச் செலவை ஏற்கும் திட்டத்துக்கு, அவர்கள் வைத்த பெயர் அது. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். ஆனால் தொகை ஏற்கெனவே கடனில் சேர்க்கப்பட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறியும் போடப்பட்டிருந்தது. கேட்டதற்கு, “எல்லோரும் எடுப்பதுதான் சார், மாதத் தவணையில் பெரிதாகத் தெரியாது” என்றார் விற்பனையகத்து ஊழியர். கடன் 5 ஆண்டுகளுக்கு, வாரண்டியோ 2 ஆண்டுகளுக்கு. வாரண்டி முடிந்த பிறகும் 3 ஆண்டுகள் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பேன் என்பதை அந்த மேசையிலேயே கணக்கிட்டுக் காட்டிய பிறகுதான் அந்த வரியை நீக்கி வேறு படிவம் அச்சிட்டுத் தந்தார்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் மாதத் தவணைத் தொகையைப் பார்ப்பதோடு நிற்காமல், கடன் தொகை எந்தெந்த இனங்களால் ஆனது என்பதை வரி வரியாகப் படித்துவிடுங்கள்.

கார் 5 ஆண்டுகள் பழையது, 68,000 கிலோமீட்டர் ஓடியது. ஓட்டிப் பார்த்தது, விலை பேசியது, முன்பணம் கட்டியது எல்லாம் நான்கு நாட்களில் முடிந்தன. வாரண்டியை எடுப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கத்தான் மூன்று வாரங்கள் ஆயின.

முதலில் எனக்குக் கொடுத்தது நான்கு மடிப்புள்ள வண்ணத் துண்டறிக்கை. எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங், ஏசி, மின்சாதனங்கள் என்று படங்களோடு பட்டியல் இருந்தது. கீழே, படிக்கவே முடியாத எழுத்தில், ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று இருந்தது. அந்த நிபந்தனைகளைக் கேட்டேன். பணம் கட்டிய பிறகு ஒப்பந்தம் வீட்டுக்குத் தபாலில் வரும் என்றார்கள். படிக்காமல் கட்ட மாட்டேன் என்றதும், வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். அரை நாள் விடுப்பு எடுத்துப் போனேன். அந்த ஊழியர் அன்று வரவில்லை, அவருக்குப் பதில் இருந்தவருக்கு விஷயமே தெரியாது. இரண்டாம் முறை போனபோது ஓர் ஒப்பந்தப் பிரதி கிடைத்தது. வீட்டுக்கு வந்து பாதி படித்த பிறகுதான், அது இதே திட்டத்தின் வேறொரு பிரிவுக்கானது, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் மட்டும் காப்பது என்று கண்டுகொண்டேன். மூன்றாம் முறை, திட்டத்தின் பெயர், பிரிவு, பதிப்புத் தேதி மூன்றையும் துண்டறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அங்கிருந்து நகர்ந்தேன். 38 பக்கங்கள் இருந்தன. இதற்கிடையில் “இன்று சேர்ந்தால்தான் இந்த விலை” என்று இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தார்கள். மூன்று வாரம் கழித்தும் விலை மாறவில்லை.

அந்த 38 பக்கங்களை இரண்டு இரவுகள் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். முதல் அதிர்ச்சி காலக்கெடு. 2 ஆண்டுகள் அல்லது 1,00,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை என்று இருந்தது. இனிமேல் ஓடப்போகும் 1,00,000 என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது ஓடோமீட்டர் காட்டும் மொத்தக் கணக்கு. மீதமிருப்பது 32,000 மட்டுமே. ஆண்டுக்கு 20,000 ஓட்டுகிற எனக்கு அது ஏறக்குறைய 19 மாதங்களில் தீர்ந்துவிடும். அதிலும் முதல் 30 நாட்களுக்குள் வரும் எந்தப் பழுதும் ஏற்கப்படாது.

அடுத்தது, எது சேரும் எது சேராது என்பது. பிரேக் பேட், கிளட்ச் தகடு, பேட்டரி, டயர், பெல்ட், ரப்பர் குழாய்கள் எல்லாம் தேய்மானப் பொருட்கள் என்று விலக்கப்பட்டிருந்தன. அது நியாயம்தான், யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை. என்னைத் தூக்கிவாரிப் போட்டது 21-ஆம் பக்கத்தில் இருந்த இன்னொரு விதி: காப்பில் இல்லாத ஒரு பாகம் பழுதாகி, அதனால் காப்பில் உள்ள பாகம் சேதமடைந்தால், அந்தச் சேதத்துக்கும் பணம் கிடையாது. இதன் பொருள் என்னவென்று என் மெக்கானிக்தான் விளக்கினார். வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூடும்படி இயக்குவது டைமிங் பெல்ட். அது உள்ள பல எஞ்சின்களில், ஓடும்போது அந்த பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். வால்வுகள் காப்பில் உண்டு, பெல்ட் கிடையாது. ஆகவே மொத்தச் செலவும் உரிமையாளர் தலையில்தான் விழும். துண்டறிக்கையில் ‘எஞ்சின்’ என்று போட்டிருந்த அந்தப் பெரிய படத்துக்குள் இவ்வளவு பெரிய ஓட்டை இருந்தது.

இன்னும் சில இருந்தன. 80,000 கிலோமீட்டரைத் தாண்டினால் பாகத்தின் விலையில் 60 சதவீதம்தான் தருவார்கள், ஏனெனில் தேய்ந்த பாகத்துக்குப் பதில் புதியது கிடைக்கிறதாம். பழுதின் காரணத்தை அறிய எஞ்சினைப் பிரிக்க வேண்டுமானால் உரிமையாளர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். கிளைம், அதாவது பழுதுக்குப் பணம் கேட்கும் கோரிக்கை, மறுக்கப்பட்டால் பிரித்த கூலி, பூட்டிய கூலி இரண்டையும் அவரே கட்ட வேண்டும். முன் அனுமதி எண் வாங்காமல் வேலையைத் தொடங்கினால் கிளைமே கிடையாது. இவை எதுவும் பொய்யோ மோசடியோ அல்ல, எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. ஆனால் பணம் கட்டும் முன் அந்த எழுத்தைக் காட்ட மறுத்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் தாண்டி என் முடிவைத் தீர்மானித்தது சர்வீஸ் புத்தகம். 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதங்களுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்ததற்குச் சான்று வேண்டும், 1,000 கிலோமீட்டர் அல்லது 30 நாட்கள் வரை தாமதம் ஏற்கப்படும் என்று ஒப்பந்தம் சொன்னது. புத்தகத்தில் 30,000 வரை முத்திரைகள் ஒழுங்காக இருந்தன. 40,000-க்கான பக்கம் வெறுமையாக இருந்தது. விவரம் கேட்டு சர்வீஸ் நிலையத்துக்குப் போனால், கார் என் பெயரில் இல்லாததால் பதிவேட்டைக் காட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். ஆனால் பெயர் மாற்றிய பிறகு பார்த்து என்ன பயன்? விற்பனையகம் மூலம் முந்தைய உரிமையாளரைக் கேட்டுக்கொண்டேன். அவர் பெருந்தன்மையோடு தானே விண்ணப்பித்துப் பதிவேட்டின் நகலை வாங்கி அனுப்பினார். 30,000-க்கு அடுத்த சர்வீஸ் 43,600-இல், 17 மாதங்கள் கழித்து நடந்திருந்தது. கார் நன்றாகத்தான் ஓடுகிறது, அந்தத் தாமதத்தால் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஆனால் நாளை எஞ்சினில் பெரிய பழுது என்று போய் நின்றால், முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான்.

தொலைபேசியில் வாரண்டி நிறுவனத்தைக் கேட்டேன். “பழைய உரிமையாளர் காலத்துத் தாமதம் ஒரு பிரச்சினையே இல்லை சார்” என்றார் பேசியவர். அதையே எழுத்தில் தரச் சொல்லி, பதிவேட்டு நகலையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். ஆறு நாட்கள் கழித்துப் பதில் வந்தது: ‘தகுதி, கிளைம் செய்யும் நேரத்தில் தீர்மானிக்கப்படும்.’ அந்த ஒரு வரிதான் எனக்கு விடை. தொலைபேசியில் கிடைத்த உறுதி எழுத்தில் வராதபோது, அதை நம்பிப் பணம் கட்ட எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் உங்கள் காரின் குறையை மறைக்காமல் சொல்லி, இந்தக் கேள்வியை எழுத்திலேயே கேளுங்கள்.

மெக்கானிக்கைக் கொண்டு காரைச் சோதித்ததையும் சொல்லியாக வேண்டும். காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் அவருடைய ஸ்கேனரில் பிழைக் குறியீடு எதுவும் வரவில்லை. நான் நிம்மதியடைந்தபோது அவர் திரையில் வேறொரு பக்கத்தைத் திறந்து காட்டினார்: கார் தனக்குத்தானே செய்துகொள்ளும் சோதனைகளில் பல ‘முடிவடையவில்லை’ என்று இருந்தன. குறியீடுகளை அண்மையில் அழித்திருந்தாலோ பேட்டரியைக் கழற்றியிருந்தாலோதான் பெரும்பாலும் இப்படி வரும் என்றார். மறுநாள் காலை, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி 40 நிமிடம் ஓட்டினோம். வெப்பமானியின் முள் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. ஸ்கேனரில் பி0128 என்ற குறியீடு வந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் உரிய வெப்பத்தை எட்டவில்லை என்பது அதன் பொருள். பெரும்பாலும், அந்தத் திரவத்தின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மூடாமல் சிக்கிக்கொண்டிருக்கும். வாரண்டி எடுத்திருந்தால் ‘முன்பே இருந்த பழுது’ என்று இதற்குப் பணம் மறுத்திருப்பார்கள். திரையைப் படம் எடுத்துக்கொண்டு விற்பனையகத்துக்குப் போனேன். காரை ஒப்படைக்கும் முன் அவர்கள் செலவிலேயே புது தெர்மோஸ்டாட் போட்டுக் கொடுத்தார்கள். இந்த அலைச்சலில் எனக்குக் கிடைத்த முழு வெற்றி இது ஒன்றுதான்.

வாரண்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். எல்லோருக்கும் இதே முடிவு பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். சர்வீஸ் பதிவுகள் ஒரு நாள் பிசகாமல் இருந்து, இரட்டை கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ் போன்று பழுதானால் கையைக் கடிக்கும் பாகங்கள் காரில் இருந்து, கார் தயாரித்த நிறுவனமே தரும் திட்டமாகவும் இருந்தால், நான் எடுத்திருப்பேன். விலக்கப்பட்டவை எவை என்று மட்டும் பட்டியலிடும் ஒப்பந்தம் கிடைத்தால் இன்னும் நல்லது. அந்தப் பட்டியலில் இல்லாதவை எல்லாம் காப்பில் சேரும்.

வாரண்டிக்குக் கேட்ட அதே தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வைத்தேன். முதல் வேலையாக, எப்போது மாற்றியது என்று சான்றில்லாத டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றினேன். இப்போது ஏழு மாதங்கள் ஆகின்றன. முன் பிரேக் பேட், பேட்டரி, ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் ஆகியவற்றுக்கும் அதிலிருந்தே செலவழித்தேன். இவற்றில் மோட்டார் ஒன்றுக்குத்தான் வாரண்டி பணம் தந்திருக்கும். கணக்கில் பாதிக்கு மேல் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு பில்லிலும் தேதி, கிலோமீட்டர், எண்ணெயின் தரம், 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட சேசிஸ் எண் எல்லாம் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்து வாங்கி, ஒரே கோப்பில் வைக்கிறேன். அடுத்த சர்வீஸ் 80,000-இல்.