கொடியேற்றத்துக்கு முன்னும் பின்னும்: வேளாங்கண்ணிப் போக்குவரத்துப் பணி அனுபவங்கள்

கடலோரச் சிற்றூர் ஒன்றின் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த வருபவர் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது, அந்த ஊருக்குக் கிழக்கே போக வழியில்லை என்பதைத்தான். உள்நாட்டு ஊர்களில் நெரிசல் ஏற்பட்டால் நான்கு திசைகளில் ஏதாவது ஒன்றில் வண்டிகளைத் திருப்பிவிடலாம். வேளாங்கண்ணியிலோ, கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு, ஆர்ச் என்று ஊரார் சொல்லும் நுழைவு வளைவுக்குள் வரும் வண்டி பேராலயத்தையும் கடற்கரையையும் நோக்கிப் போய், அங்கே நிற்க இடம் கிடைக்காமல், மறுபடியும் மேற்கு நோக்கித்தான் திரும்பியாக வேண்டும். உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியும் அந்தக் குறுகலான தெருக்களுக்கு இரண்டு வண்டிகளின் சுமையைத் தருகிறது. இடம் தேடி இரண்டு சுற்று சுற்றினால் சுமை நான்காகிறது. போக்குவரத்துக் காவல் பிரிவில் உதவி ஆய்வாளராக நாகப்பட்டினம் மாவட்டத்தில் பணியாற்றிய ஆண்டுகளில், திருவிழாப் பந்தோபஸ்திலும் சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் கண்டவற்றை, இனி அந்தப் பணிக்கு வருபவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

வேளாங்கண்ணி ஒரு பேரூராட்சி. நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் குறைவு. வந்து போகிறவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. ஆகஸ்ட் 29 அன்று மாலை கொடியேறியதும் தொடங்கும் கூட்டம், செப்டம்பர் 7 இரவு பெரிய தேர் பவனியின்போது உச்சத்தை அடைந்து, 8ஆம் தேதி அன்னையின் பிறந்தநாள் பெருவிழாவோடு கலைகிறது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, கோடை விடுமுறை ஆகியவை தனி. 2010இல் நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது பெரிய உதவியாக இருந்தது. ஆனால் குடும்பமாக, ஊராக வருபவர்களில் பெரும்பாலோர் இன்றும் வேனிலும் காரிலும் சுற்றுலாப் பேருந்திலும்தான் வருகிறார்கள்.

நிறுத்துமிடம் என்றால் எத்தனை வண்டிகளுக்கு எத்தனை சதுர மீட்டர் என்று கணக்குப் போட்டால் போதும் என்ற எண்ணம் அலுவலகங்களில் பரவலாக உண்டு. வணிக வளாகத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தும். வேளாங்கண்ணிக்கு வரும் வேனோ இரண்டு மணி நேரத்தில் கிளம்புவதில்லை. அது இரவு தங்குகிறது. அதில் வந்த இருபது பேரும் வண்டியின் நிழலில் பாய் விரிக்கிறார்கள், பக்கத்திலேயே அடுப்பு மூட்டிச் சோறு வடிக்கிறார்கள், மொட்டையடித்த பிள்ளைகளுக்குச் சந்தனம் பூசி அங்கேயே உட்கார வைக்கிறார்கள். ஓட்டுநர் சக்கரங்களுக்கு இடையில் துண்டை விரித்துத் தூங்குகிறார். ஆகவே நிறுத்துமிடம் என்பது அந்த நாட்களில் ஒரு குடியிருப்பு. தண்ணீர், கழிப்பறை, விளக்கு மூன்றும் இல்லாத நிறுத்துமிடத்தில் யாரும் வண்டியை விடமாட்டார்கள். விட்டாலும் ஆட்கள் சாலையோரத்துக்கே வந்து படுப்பார்கள்.

எனக்கு அந்த இடத்தில் மிகுந்த அச்சம் தந்தது பின்னோக்கி எடுக்கப்படும் வண்டி. விடியற்காலை மூன்று மணி, நான்கு மணி அளவில், வெயிலுக்கு முன் ஊர் போய்ச் சேரலாம் என்று ஓட்டுநர்கள் கிளம்புவார்கள். பக்கத்து வண்டியில் வந்தவர்களின் குழந்தை, கதகதப்புத் தேடி, இந்த வண்டியின் பின்சக்கரத்தை ஒட்டிப் படுத்திருக்கும். கண்ணாடியில் அது தெரியாது. ஊர்க்காவல் படையினரையும் தன்னார்வலர்களையும் வைத்து ஒரே ஒரு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தோம்: டார்ச் வெளிச்சத்தில் வண்டிக்குக் கீழேயும் பின்னேயும் ஒருவர் குனிந்து பார்த்து, கையால் தட்டி அனுமதி கொடுத்த பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். முதலில் முணுமுணுத்த ஓட்டுநர்கள், சக்கரத்துக்கு அருகிலிருந்து தூங்கும் பிள்ளை ஒன்றைத் தூக்கி எடுப்பதை ஒரு முறை பார்த்துவிட்டால், அதன் பிறகு தாமே இறங்கிக் குனிந்து பார்த்தார்கள். ஊருக்குள் கட்டுகிற எத்தனையோ பேரிகேட்களைவிட இந்த ஒரு பழக்கம் அதிக உயிர்களைக் காக்கும் என்று நம்புகிறேன்.

நிறுத்திய வண்டியைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாமல் அலைபவர்களும் நெரிசலுக்கு ஒரு காரணம். மலையாளமும் தெலுங்கும் கொங்கணியும் இந்தியும் பேசுபவர்கள் வருகிற ஊரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் எழுதிய பலகை பாதிப் பேருக்குத்தான் உதவும். மீன், படகு, மெழுகுவத்தி, தென்னை என்று ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு படத்தை உயரமான கம்பத்தில் வைத்து, அதே படத்தை நுழைவுச் சீட்டிலும் அச்சிட்டுக் கொடுத்தபோது, வழி கேட்டு நடுத்தெருவில் நிற்பவர்கள் கண்கூடாகக் குறைந்தார்கள்.

தற்காலிக நிறுத்துமிடங்களில் பல, ஊருக்கு மேற்கே உள்ள தனியார் நிலங்கள். டெல்டாவின் கடைமடைப் பகுதியில் சம்பா நேரடி விதைப்பு நடக்கும் காலமும் ஏறத்தாழ திருவிழாக் காலமே என்பதை வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் அதிகாரிகள் அறிந்திருக்க வேண்டும். நிலத்துக்காரரிடம் ஜூன் மாதத்திலேயே பேசி முடிக்காவிட்டால், ஆகஸ்டில் அவர் உழுதிருப்பார். ஒரு நாள் மாலை மழை பெய்தாலே உழுத மண்ணில் பேருந்தின் சக்கரம் அச்சு வரை இறங்கிவிடும். நுழையும் வழியிலும் வெளியேறும் வழியிலும் கப்பி அடித்து வைத்தால்தான் அந்த இடம் மழைநாளில் நிறுத்துமிடமாகப் பயன்படும்.

ஊருக்குள் தெருவோரத்தில் வண்டி நிற்கக் கூடாது என்றபோது கடைக்காரர்களின் எதிர்ப்பு இயல்பானது. அது அவர்களுடைய வயிற்றுப்பாடு. மெழுகுவத்தியும் மெழுகு உருவங்களும் மாலையும் விற்கும் ஓர் அம்மா, "சார், வாசல்ல வண்டி நின்னாத்தானே யாவாரம் நடக்கும்?" என்று கேட்டார். "எதிர்ப்பக்கம் வந்து நின்னு உங்க கடையப் பாருங்கம்மா" என்று அழைத்துச் சென்றேன். இரண்டு வேன்களின் முதுகு மட்டுமே தெரிந்தது. கடையின் பெயர்ப் பலகையில் பாதியும், தொங்கவிட்ட செபமாலைகளில் ஒன்றும் கண்ணுக்குப் படவில்லை. அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இந்த வண்டிக்காரங்க யாருமே நம்மகிட்ட வாங்கலையே" என்றார். வேளாங்கண்ணியில் பொருள் வாங்குபவர் நடந்து போகிறவர்தான். நடக்க வசதியிருந்தால் மெதுவாகப் போவார்; மெதுவாகப் போனால் கடையைப் பார்ப்பார். மறுவாரம் அந்தத் தெருவில் கயிறு கட்ட அவரே ஆள் கொடுத்தார். தள்ளுவண்டிக்காரர்களையும் இதே போல நடத்த வேண்டும். 2014இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு உரிய இடம் ஒதுக்கச் சொல்கிறது. இடத்தைக் காட்டாமல் விரட்டினால், அரை மணி நேரத்தில் அதே இடத்துக்கு வருவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

தெருவைக் காலியாக வைப்பதற்கு வியாபாரத்தையும் வசதியையும் விடப் பெரிய காரணம் ஒன்று வேளாங்கண்ணிக்கு உண்டு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, ஆழிப்பேரலை வந்தபோது கடற்கரையிலும் அதையொட்டிய கடைத்தெருவிலும் இருந்த யாத்திரிகர்களும் வியாபாரிகளும் பெரும் எண்ணிக்கையில் உயிரிழந்தார்கள். அந்த நிகழ்வுக்குப் பின் கடலோர ஊரில் கடற்கரையிலிருந்து மேற்கே போகும் ஒவ்வொரு தெருவும் ஓர் உயிர்வழி. அதில் குறுக்கே நிற்கும் கார், சாதாரண நாளில் தொந்தரவு மட்டுமே. கடல் எழும் நாளில் அல்லது கூட்டத்தில் யாரோ மூச்சடைத்து விழும் நாளில் ஆளைக் கொல்லும் தடை. 108 ஆம்புலன்ஸ் திரும்பாமல் உள்ளே வந்து நேரே வெளியேறக்கூடிய அகலத்துக்கு இரண்டு தெருக்களையாவது திருவிழா முழுவதும் ஒரு சைக்கிள்கூட நிற்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. முக்கியப் பிரமுகரின் வாகனம் என்று சொல்லி வந்தவர்களிடமும் இதையே சொன்னேன்.

இனி நடப்பவர்களைப் பற்றி. பேராலயத்திலிருந்து மாதா குளம் வரை மணல் பரப்பிய பாதையில் முழங்காலிட்டுச் செல்வது இங்கே முக்கியமான நேர்ச்சை. முடித்து எழுந்தவர்களின் நடையை அருகில் நின்று கவனித்திருக்கிறேன்: முழங்காலில் மணல் ஒட்டியிருக்கும், தோல் சிவந்திருக்கும், ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிள்ளையின் தோளைப் பற்றியபடி நடப்பார்கள். சிக்னல் நேரத்தைக் கணக்கிடும்போது நடப்பவரின் வேகத்தை வினாடிக்கு 1.2 மீட்டர் என்று வைப்பது வழக்கம். அதன்படி ஏழு மீட்டர் சாலையைக் கடக்க ஆறு வினாடி போதும். முழங்காலிட்டு எழுந்த ஒரு தாய்க்கு அதைப் போல் இரு மடங்கு நேரமும் பற்றாது. எனவே சாலையைக் கடக்கும் இடங்களில் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி கிடைக்கும்போது ஆட்களை விடுவதை நிறுத்திவிட்டு, ஆட்கள் கடந்து முடிக்கும் வரை வண்டிகளை நிறுத்துவது என்று முறையை மாற்றினோம். வண்டிகளின் வரிசை நீண்டது உண்மை. ஆனால் ஆர்ச்சுக்கு வெளியே நின்றவர்கள், உள்ளே வருவதைவிட மைதானத்தில் விட்டுவிட்டு நடப்பதே மேல் என்று முடிவு செய்ததால், ஒரு மணி நேரத்துக்குள் அந்த வரிசையே குறைந்தது. வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் மைதானத்திலிருந்து ஆட்டோவோ பேட்டரி வண்டியோ இடைவிடாமல் ஓட வேண்டும் என்பது இதற்கு நிபந்தனை. அது பத்து நிமிடம் நின்றுபோனாலும், நடக்க முடியாத பாட்டியைக் காரில் வைத்துக்கொண்டு வரும் மகன் தடுப்பை நகர்த்தித்தான் உள்ளே வருவான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஊருக்குள் கூட்டம் மிகுந்திருக்கும்போது வண்டிகள் ஊர்கின்றன. அடிபட்டாலும் உயிருக்கு ஆபத்து குறைவு. மரணம் நிகழும் இடம் வெளியே, நெடுஞ்சாலையில். காவி உடுத்திப் பாதயாத்திரை வருபவர்கள், சென்னையிலிருந்து மட்டும் 300 கிலோமீட்டருக்கும் மேல், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகூர் வழியாக நடந்து வருகிறார்கள். ஆகஸ்ட் வெயிலுக்கு அஞ்சி இரவில்தான் நடை. காவித் துணி பகலில் தூரத்திலிருந்தே தெரியும். இரவில், லாரியின் முகப்பு விளக்கில், அது சாலையோர மண்ணோடு கலந்துவிடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் 22 மீட்டரைக் கடக்கிறது. ஓட்டுநர் கண்டு, திடுக்கிட்டு, பிரேக்கில் கால் வைப்பதற்குள் அந்த 22 மீட்டர் போய்விட்டிருக்கும். முதுகுப் பையில் ஒட்டிய ஓர் ஒளிரும் ஸ்டிக்கர் ஓட்டுநருக்கு அந்த வினாடிகளைத் திருப்பித் தருகிறது. ஸ்டிக்கரைப் பையின் மேற்பகுதியில் ஒட்டிப் பயனில்லை, தோளில் போட்ட துண்டு அதை மறைத்துவிடும்; கீழ்ப்பகுதியில் ஒட்ட வேண்டும். குழுவின் கடைசியில் நடப்பவர் கையில் சிவப்பு விளக்கு இருக்க வேண்டும். சப்பரத்தை இழுத்து வரும் குழுக்கள் ஜெனரேட்டர் வைத்து முன்பக்கம் பிரகாசமாக அலங்கரிப்பார்கள்; அந்த வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்ய, சப்பரத்துக்குப் பின்னால் நடக்கும் பெண்களும் பிள்ளைகளும் முழு இருட்டில் வருவார்கள்.

அன்னதானப் பந்தல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோரும் கஞ்சியும் சுண்டலும் கொடுத்து உபசரிப்பவர்களில் எல்லா மதத்தினரும் இருக்கிறார்கள். நாகூர்ப் பக்கம் அதை நேரில் பார்த்து மனம் நிறைந்திருக்கிறேன். ஆனால் யாத்திரிகர்கள் இடப்புறம் நடக்க, பந்தல் வலப்புறம் அமைந்துவிட்டால், களைத்த கால்களோடு ஐம்பது பேர் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து, உண்டபின் மீண்டும் கடக்கிறார்கள். பந்தல் போட அனுமதி கேட்டு வந்தவர்களிடம் நாங்கள் கேட்டுக்கொண்டது, ஆட்கள் நடக்கும் பக்கத்திலேயே, சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளிப் போடுங்கள் என்பதை மட்டும்தான். யாரும் மறுத்ததில்லை. சொல்ல ஆள் இல்லாத இடங்களில்தான் பந்தல் எதிர்ப்பக்கம் அமைந்தது. காவிரியின் கிளை ஆறுகளைக் கடக்கும் பாலங்கள் இன்னொரு ஆபத்து: அதுவரை கூட வந்த மண் ஓரம் பாலத்தின் முனையில் முடிந்து, நடப்பவர் திடீரென்று தாருக்குள் ஏற வேண்டியிருக்கும். குழு பாலத்தைக் கடக்கும் வரை முன்னும் பின்னும் ஒருவர் விளக்கோடு நின்று வண்டிகளை மெதுவாக்குவதைத் தவிர இப்போதைக்கு வேறு வழி இல்லை.

விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை நான்குவழிச் சாலை போடப்படுவதை நான் வரவேற்கிறேன்; ஆனால் சாலை அகலமாகும்போது வண்டியின் வேகமும் கூடும், நடப்பவர் கடக்க வேண்டிய தூரமும் கூடும். ஆண்டுதோறும் அதே நாட்களில் அதே வழியில் பெருங்கூட்டம் நடந்து வரும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த ஒரு பாதையில், தடுப்புக் கம்பியால் பிரிக்கப்பட்ட நடைபாதை ஒரு பக்கமாவது கட்டாயம் இருக்க வேண்டும். அது பதினொரு நாள் விழாவுக்காக மட்டும் கேட்கும் வசதி அல்ல. மற்ற நாட்களில் அதே ஓரத்தில்தான் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள், மீன் கூடையோடு பெண்கள் பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் நடக்கிறார்கள். பாலங்களில் நடைபாதையைப் பின்னால் ஒட்டவைக்க முடியாது. வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். திருவிழாவுக்கு முந்தைய ஆய்வுக் கூட்டங்களில் பேருந்து, குடிநீர், மின்விளக்கு எல்லாம் பேசி முடித்த பிறகு, கடைசி ஐந்து நிமிடங்களில் பாதயாத்திரையினர் பேச்சு வரும். அதைப் பட்டியலில் முதலாவதாக வைத்து, நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் எழுந்து போவதற்கு முன் பேசும்படி செய்வது, அந்தப் பணியில் இப்போது இருப்பவர்களால் இந்த ஆண்டே முடியக்கூடிய காரியம்.