கால் மாத்திரை வரை

"தம்பி, நானா மாத்திரைய விட்டுப் பாத்தேன். ரெண்டே நாள்ல தூக்கம் போச்சு, நெஞ்சு படபடங்குது. வியாதி இன்னும் உள்ளதான் இருக்குபோல." மருந்துக் கவுன்ட்டரில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அட்டையைத் திருப்பினால் அல்பிரசோலம் 0.5 மி.கி. என்று இருக்கும்; பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை. மாதக்கணக்கில் ஓடியிருக்கும். அந்த இரண்டாம் நாள் படபடப்பைப் பழைய வியாதியின் கணக்கில் எழுதிவிடுகிறோம். மருந்து இறங்கும்போது வரும் படபடப்பாகவும் அது இருக்கலாம் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூளையின் துள்ளலை அடக்குவது காபா என்ற வேதிப்பொருள். அது போய் ஒட்டும் ஏற்பியில் குளோரைடு நுழைய ஒரு வாசல் உண்டு. அல்பிரசோலம் போன்ற பென்சோடயசிபைன் வகை மருந்துகள் அந்த வாசல் திறக்கும் தடவைகளைக் கூட்டுகின்றன. அதற்கு முந்தைய தூக்க மருந்துகளான பார்பிட்யூரேட்டுகள் அது திறந்திருக்கும் நேரத்தையே நீட்டின. அளவு கூடினால் காபா இல்லாமலே திறந்துவிட்டன. பென்சோடயசிபைன் வகையில் 1960-ல் குளோர்டயசெபாக்சைடும் 1963-ல் டயசெபமும் சந்தைக்கு வந்தபோது ஆபத்து குறைந்தவை என்று பெயர் வாங்கியது இதனால்தான். கூடவே மதுவோ, டிரமடால் என்ற வலி மருந்தோ சேர்ந்தால் அந்தப் பெயர் செல்லாது; மூச்சே அடங்கிப்போகும்.

நாள்பட எடுத்தால் ஏற்பி மருந்துக்குப் பழகி மந்தமாகிறது. சட்டென்று நிறுத்தினால் மூளைக்குக் கடிவாளம் இல்லை: தூக்கமின்மை, கைநடுக்கம், சிலருக்கு வலிப்பு. இது எவ்வளவு சீக்கிரம் வரும் என்பது அரை ஆயுளை, அதாவது ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தைப் பொறுத்தது. அல்பிரசோலத்துக்குச் சுமார் 11 மணி நேரம், அதே வகையைச் சேர்ந்த குளோனசெபத்துக்கு 30 முதல் 40. டயசெபம் கல்லீரலில் மாறி உண்டாகும் பொருளோ நாள்கணக்கில் ரத்தத்தில் சுற்றும். "நல்லா கேக்குற மாத்திரை" என்று அல்பிரசோலத்துக்கு ஒரு நற்பெயர் உண்டு. சீக்கிரம் ஏறி, சீக்கிரம் இறங்குவதற்குக் கிடைத்த பெயர் அது. விடுவதற்குச் சிரமமானதும் அதனால்தான்.

இதைவிடப் பெரிய தலைவலி, இரண்டு மருந்தை ஒன்றாக அடைத்த மாத்திரை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி., குளோனசெபம் 0.5 மி.கி. சேர்ந்தது இங்கே சர்வசாதாரணம். தொடக்கத்தில் அதற்கு நியாயம் இருக்கிறது. எஸ்சிட்டலோபிராம் வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் சில நாள் பதற்றத்தைக் கூட்டவும் செய்யலாம். அந்த இடைவெளிக்குத்தான் குளோனசெபம். இடைவெளி முடிந்த பிறகும் மாத்திரை மாறுவதில்லை. ஒரே சீட்டு, ஒரே அட்டை, வருடங்கள் ஓடிவிடும். நோயாளிக்கு அது "அந்த நரம்பு மாத்திரை", அவ்வளவுதான். அதை விட்டால் இரண்டும் ஒரே நாளில் நிற்கும். தலைக்குள் ஷாக் அடிப்பதுபோல் வெட்டினால் அது எஸ்சிட்டலோபிராம் நின்றதால். கை நடுங்கினால் குளோனசெபத்தைச் சந்தேகிக்கலாம். இரண்டும் கலந்து வரும்போது பிரித்தறிவது கடினம்.

ஆகவே முதலில் மருத்துவரிடம் சொல்லி இரண்டையும் தனித்தனி மாத்திரையாக மாற்ற வேண்டும். எஸ்சிட்டலோபிராமில் கை வைக்காமல் குளோனசெபத்தை மட்டும் இறக்க வேண்டும்: 0.5-லிருந்து 0.375 (0.25 மாத்திரை ஒன்றரை), பிறகு 0.25, பிறகு 0.125. ஒவ்வொரு படியிலும் குறைந்தது இரண்டு வாரம். நாக்கில் கரையும் வகையை வெட்டப் பார்த்தால் பொடியாகிவிடும். சாதாரண மாத்திரையும் மாத்திரை வெட்டியும் தேவை. அல்பிரசோலத்தில் மெதுவாகக் கரையும் வகையை உடைக்கவே கூடாது, மொத்த மருந்தும் ஒரேயடியாக உடலில் சேரும். பூஞ்சைக்குக் கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் மாத்திரை எடுப்பவருக்கு அல்பிரசோலம் கூடாது. கல்லீரல் அதை உடைக்க முடியாமல் அளவு ஏறிக்கொண்டே போகும்.

சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை வேறு கதை. அரை ஆயுள் இரண்டு, மூன்று மணி நேரம்தான். சாப்பாட்டுக்குப் பின் போட்டுவிட்டு சீரியல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால், எழுந்து நடக்கையில் வயதானவர் விழுவார். படுக்கையில் கால் நீட்டிய பிறகே போட வேண்டும், முன்னால் ஏழு மணி நேரத் தூக்கம் மிச்சம் இருக்க வேண்டும். பெண்கள் உடலில் இது மெதுவாக வெளியேறுவதால் 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அவர்களுக்கான அளவை 10-லிருந்து 5 மி.கி.யாக இறக்கியது. அந்த மாற்றத்தைப் பார்க்காத 10 மி.கி. சீட்டுகள் இன்னும் வருகின்றன. கொடுப்பதற்கு முன் மருத்துவருக்கு ஒரு போன் போடலாம்.

அல்பிரசோலம், டயசெபம், சோல்பிடெம் மூன்றும் ஷெட்யூல் எச்1, அதாவது மருத்துவர் சீட்டோடு மட்டும் கொடுத்து, கணக்கு வைக்க வேண்டிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. தனிப் பதிவேட்டில் மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு எல்லாம் ஏற்றி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த ஏட்டை இன்ஸ்பெக்டருக்காக எழுதுவதாகவே பலர் நினைக்கிறார்கள். பின்னோக்கிப் புரட்டினால், ஒரே பெயர் எத்தனை மாதமாக வருகிறது என்று அதிலேயே தெரியும்.

குறைத்துக்கொண்டு வருபவர்கள் திரும்பி வந்து நிற்பது பெரும்பாலும் கடைசி 0.125-ல். அவர்களைப் பழைய 0.5-க்கு ஏற்றாமல், அதே துண்டிலேயே இன்னும் இரண்டு வாரம் நிறுத்தி வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக் கொடுப்பது வழக்கம்.